மனநல மாத்திரை ஆயுசுக்கும் சாப்பிடணுமா, நிறுத்துவது எப்படி? வட சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வருபவர்கள், கூட்டம் குறைந்த நேரம் பார்த்துக் கேட்கும் கேள்விகள் இவை. சர்க்கரை மாத்திரையைப் பற்றிச் சத்தமாகக் கேட்பவர்கள்கூட இதை மட்டும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை. எந்த மாத்திரையை எப்போது குறைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்களைப் பார்க்கும் மனநல மருத்துவர். அவரிடம் என்ன கேட்க வேண்டும், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்குத்தான் இது.

படிக்க ஆரம்பிக்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் யாரும் இதைப் படித்துவிட்டு நாளை நிறுத்த வேண்டாம். அதே நேரம், "ஏன் இன்னும் சாப்பிடுகிறேன்?" என்று ஒருமுறைகூடக் கேட்காமல் வருடக்கணக்கில் தொடரவும் வேண்டாம்.

"நரம்பு மாத்திரை"ன்னு சொல்லிக் கொடுத்தாங்க. அது என்ன மாத்திரைன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

அட்டையின் பின்பக்கம் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் பெரிதாக இருக்கும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் உண்மையான மருந்தின் பெயர். படிக்க வரவில்லை என்றால் கடையில் கேளுங்கள். சொல்வது எங்கள் வேலை.

எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின், வென்லாஃபாக்சின் எல்லாம் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தருபவை. குளோனசெபாம், அல்பிரசோலம், டயசெபாம், லோராசெபாம் ஆகியவை பதற்றத்தை உடனே அடக்கும் மாத்திரைகள். "தூக்க மாத்திரை" என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். ஒலான்சபின், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், ஹாலோபெரிடால், குளோசபின் மனச்சிதைவு போன்ற நோய்களுக்கு. லித்தியம், சோடியம் வால்ப்ரோயேட் இரண்டும் மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் இருமுனை நோய்க்கு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. எஸ்சிடலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது நம் நாட்டில் மிகச் சாதாரணம். சாப்பிடுபவருக்கு ஒரு மாத்திரை. உடம்புக்கு இரண்டு மருந்து. அதை நிறுத்தினால் இரண்டும் ஒரே நாளில் நின்றுவிடும். வாயுத் தொல்லை, நெஞ்சு படபடப்பு என்று போனவருக்கு எழுதித் தரும் ஃப்ளூபென்டிக்சால், மெலிட்ராசென் கூட்டு மாத்திரையும் அப்படித்தான். அதில் பாதி மனச்சிதைவுக்கான மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது சாப்பிடும் பலருக்குத் தெரியாது.

ஆயுசு முழுக்கச் சாப்பிடணுமா?

எல்லோருக்கும் அப்படி இல்லை. முதல் தடவையாக வந்த மனச்சோர்வு என்றால், நன்றாகத் தேறிய பிறகு குறைந்தது 6 மாதம் தொடர்ந்துவிட்டு, குறைப்பது பற்றிப் பேசலாம். திரும்பத் திரும்ப வந்தவருக்கு 2 ஆண்டு அல்லது அதற்கு மேலும் தொடரச் சொல்வார்கள். முதல் முறை மனச்சிதைவு என்றால் குணமான பிறகும் ஓரிரு ஆண்டுகள். இருமுனை நோய்க்கும், பலமுறை திரும்பிய மனச்சிதைவுக்கும் பெரும்பாலும் நீண்ட காலம் தேவைப்படும். தூக்க மாத்திரைக் குடும்பத்துக்குக் கணக்கே வேறு: அது 2 முதல் 4 வாரத்துக்கான மருந்து. அதை 5 வருடம், 10 வருடம் சாப்பிடுபவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஆரம்பித்தபோது யாரும் அவர்களிடம் முடிவுத் தேதி சொல்லவில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

ரொம்ப நாள் சாப்பிட்டா உடம்புக்கு என்ன ஆகும்?

மருந்துக்கு மருந்து மாறும்.

ஒலான்சபின், குளோசபின் இரண்டும் பசியைக் கூட்டும், எடையை ஏற்றும். சர்க்கரையும் கொழுப்பும் கூடவே ஏறும். குவெட்டியாபினும் ரிஸ்பெரிடோனும் இதில் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். எங்கள் கடைக்கு மகனுக்காக ஒலான்சபின் வாங்க வரும் அம்மாக்கள் சிலர், ஒரு வருடம் கழித்து அதே சீட்டோடு சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் சீட்டையும் சேர்த்து நீட்டுவார்கள். மருந்து தொடங்கும்போதும், 3 மாதத்திலும், பிறகு வருடா வருடமும் எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு பார்க்க வேண்டும். மனநல மருத்துவர் சொல்ல மறந்தாலும் நீங்களே கேட்டுச் செய்துகொள்ளுங்கள். சர்க்கரையும் அழுத்தமும் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம்.

ரிஸ்பெரிடோன் சிலருக்கு புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்றிவிடும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், குழந்தை பெறாதவருக்கே பால் சுரக்கும். ஆண்களுக்கு மார்பு வீங்கும், ஆசை குறையும். சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை மட்டும் ரகசியமாக விட்டுவிடுகிறார்கள். மாற்று மருந்து இருக்கிறது. சொன்னால்தானே மாற்றித் தருவார்கள்?

எனக்கு அதிகம் கவலை தருவது வாய் அசைவு. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களில் சிலர், வாயில் ஒன்றும் இல்லாமலே எதையோ மென்றுகொண்டிருப்பார்கள். உதடு குவியும், நாக்கு நுனி வெளியே வந்து உள்ளே போகும், விரல்கள் தானாகத் தாளம் போடும். அவருக்கே அது தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். இதை டார்டிவ் டிஸ்கைனீசியா என்பார்கள். வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் அதிகம் வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் வாய்ப்பு உண்டு. விட்டால் மருந்தை நிறுத்தினாலும் போகாமல் தங்கிவிடலாம். மருந்தைக் குறைக்கும்போதுதான் முதல்முறையாக வெளியே தெரிவதும் உண்டு.

இந்த மருந்துகளோடு நடுக்கத்துக்கென்று டிரைஹெக்ஸிஃபெனிடில் சேர்த்துத் தருவது இங்கே வழக்கம். முன்னெச்சரிக்கையாக எல்லோருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. வாய் வறட்சி, மலச்சிக்கல், மறதி எல்லாம் அதனால் வரும். மேலே சொன்ன வாய் அசைவையும் கூட்டும். "இது இன்னும் வேண்டுமா?" என்று கேளுங்கள். அதையும் சட்டென்று விடக் கூடாது.

லித்தியம் தைராய்டையும் சிறுநீரகத்தையும் மெதுவாகப் பாதிக்கலாம். முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பதுதான் சரி. 6 மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் சிறுநீரகமும்.

மனச்சோர்வு மாத்திரைகளில் பலரும் வாய் திறந்து சொல்லாத தொல்லை தாம்பத்தியத்தில் வருவது. இன்னொன்று, துக்கம் போன மாதிரி சந்தோஷமும் மரத்துப் போவது. "அழ வேண்டிய வீட்டுக்குப் போயும் அழுகை வரவில்லை" என்று ஒருவர் சொன்னார். வயதானவர்களுக்கு ரத்தத்தில் உப்பு, அதாவது சோடியம், குறைந்து குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம். தூக்க மாத்திரையால் முதியவர்கள் இரவில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதும், ஞாபகம் மங்குவதும் நடக்கிறது.

இவ்வளவையும் படித்துப் பயந்துவிடாதீர்கள். இந்த மருந்துகளால்தான் பல வீடுகளில் இன்று அடுப்பு எரிகிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஆபத்து தெரிந்தவர் பரிசோதனை செய்துகொண்டு பாதுகாப்பாகச் சாப்பிடலாம்.

அக்னி நட்சத்திரத்தில் ஏதாவது கவனிக்கணுமா?

கட்டாயம். மனச்சிதைவு மருந்துகளும் டிரைஹெக்ஸிஃபெனிடிலும் வியர்வையைக் குறைத்து, உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வதைக் கெடுக்கும். துறைமுகத்தில் சுமை தூக்குபவர், தார்ச்சாலை வேலை செய்பவர், தகரக் கூரை வீட்டில் இருப்பவர் எல்லோருக்கும் வெயில் தாக்கும் ஆபத்து கூடுதல்.

லித்தியம் சாப்பிடுபவருக்கு இன்னும் கவனம் வேண்டும். தண்ணீர் வற்றினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, திடீரென்று உப்பைக் குறைத்தாலோ ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகும். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது அதன் அறிகுறிகள். உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போட்டாலும் லித்தியம் ஏறும். ராமிப்ரில், டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளும் அப்படியே. வலி மாத்திரை கேட்டு வரும்போது லித்தியம் சாப்பிடுவதைக் கடையில் சொல்லுங்கள்.

நானா நிறுத்திட்டா என்ன ஆகும்?

மனச்சோர்வு மாத்திரை என்றால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், குமட்டல், வியர்வை, விபரீதமான கனவுகள், எரிச்சல் வரலாம். கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி வெட்டுகிறது என்று பலரும் ஒரே மாதிரி சொல்வார்கள். பராக்ஸெடினும் வென்லாஃபாக்சினும் உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியேறுவதால் இவற்றில் தொல்லை அதிகம். ஃப்ளூவாக்ஸெடின் வாரக்கணக்கில் உடம்பில் தங்குவதால் தொல்லை குறைவு, தாமதமாகவும் வரும். எல்லோருக்கும் இது வரும் என்பதில்லை. 2024-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மருந்தால் மட்டுமே வரும் தொல்லை ஆறேழு பேரில் ஒருவருக்கு, கடுமையாக வருவது சுமார் 35 பேரில் ஒருவருக்கு என்று கணக்கிட்டார்கள். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு இதைவிட அதிகமாக இருக்கலாம் என்று வாதிடும் மருத்துவர்களும் உண்டு.

தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது இருப்பதிலேயே ஆபத்து. வலிப்பு வந்து உயிரே போகலாம். லித்தியத்தைத் திடீரென்று விட்டால் நோய் அடங்கியிருந்தவருக்கும் சீற்றத்தோடு திரும்பும். குறைந்தது 4 வாரம், முடிந்தால் 3 மாதம் எடுத்துக் குறைக்கச் சொல்கிறார்கள். குளோசபினைச் சட்டென்று விட்டால் பழைய நிலையைவிட மோசமாக மனம் குலைந்துபோகலாம்.

வந்திருப்பது பழைய நோயா, மாத்திரை விட்ட விளைவா? எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?

நான் பார்த்தவரை குடும்பங்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. மாத்திரையை விட்டார், பத்து நாளில் பதறினார், "பார்த்தியா, நோய் திரும்பிடுச்சு, ஆயுசுக்கும் வேணும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். சில நேரம் அது சரி. பல நேரம் அது மாத்திரையைக் கேட்கும் உடம்பின் தவிப்பு.

மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, எப்போது வந்தது: அளவைக் குறைத்த சில நாளிலேயே வந்தால் பெரும்பாலும் விட்டதன் விளைவு, நோய் திரும்புவது வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல மெல்ல வரும். இரண்டு, புதிதாக என்ன இருக்கிறது: கரண்ட் வெட்டு, தலைசுற்றல், குமட்டல் எல்லாம் முதலில் நோய் வந்தபோது இருந்ததா? இல்லையென்றால் அது பெரும்பாலும் நோய் அல்ல. மூன்று, பழைய அளவைத் திரும்பக் கொடுத்தால் ஓரிரு நாளில் தெளிகிறதா? நோய் என்றால் அவ்வளவு வேகமாகத் தெளியாது. இரண்டும் கலந்து வருவதும் உண்டு. அதனால்தான் குறைக்க ஆரம்பிக்கும் நாளிலிருந்து ஒரு சின்ன நோட்டில் தேதி, அளவு, தூக்கம், மனநிலை நான்கையும் எழுதச் சொல்கிறேன். மருத்துவர் முன்னால் உட்காரும்போது நினைவைவிட அந்த நோட்டு பேசும்.

சரி, எவ்வளவு மெதுவாக் குறைக்கணும்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிறுத்த முயன்று தோற்றவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

10 மில்லிகிராம், பிறகு 5, பிறகு ஒன்றுமில்லை. சீட்டில் இப்படித்தான் இருக்கும். பார்க்கச் சமமான இரண்டு படிகள். உடம்புக்குச் சமம் இல்லை. மூளையில் மனச்சோர்வு மருந்து போய்ப் பிடிக்கும் இடங்களை ஸ்கேன் மூலம் அளந்திருக்கிறார்கள். 2019-ல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கை எடுத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த வகை மருந்துகளில் ஒன்றான சிடலோபிராம் 60 மில்லிகிராம் சாப்பிட்டால் சுமார் 88 சதவீத இடங்கள் நிரம்பும். மூன்றில் ஒரு பங்கான 20 மில்லிகிராமிலேயே 80 நிரம்பிவிடும். 9 மில்லிகிராமில் இன்னும் 70. சுமார் 5-ல் 60. அதாவது மேலே இருந்து பாதியாகக் குறைக்கும்போது மருந்தின் பிடி கொஞ்சம்தான் தளர்கிறது. கடைசிச் சில மில்லிகிராமில்தான் முக்கால்வாசிப் பிடி இருக்கிறது.

நம் கடைகளில் அதிகம் போகும் எஸ்சிடலோபிராம் இதன் நெருங்கிய உறவு. அது 5 என்றால் சிடலோபிராம் 10-க்குச் சமம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சின்ன மாத்திரை 5 மில்லிகிராம். "சின்ன அளவுதானே" என்று அதிலிருந்து நேராக நிறுத்துபவர், சுமார் 70 சதவீதத்தை ஒரே நாளில் கைவிடுகிறார். இறங்கும் படிக்கட்டில் கடைசிப் படி மட்டும் ஆள் உயரம் இருக்கிற மாதிரி.

ஆகவே முதலில் கொஞ்சம் வேகமாகக் குறைத்தாலும் கடைசியில் மிக மெதுவாக, 5-க்குப் பிறகு 2.5, பிறகு அதற்கும் கீழே என்று இறங்க வேண்டும். ஒவ்வொரு குறைப்புக்கும் நடுவே இரண்டு முதல் நான்கு வாரம் நிதானித்து, உடம்பு பழகிய பிறகே அடுத்தது. தொல்லை அதிகமானால் முந்தைய அளவுக்குப் போய் நின்று, பிறகு இன்னும் சிறிய படியாக இறங்கலாம். தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பிரிட்டனில் சிகிச்சை முறைகளை வகுத்துச் சொல்லும் நைஸ் அமைப்பின் 2022 வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: அவரவருக்கு ஏற்ற வேகம், குறைக்கக் குறைக்கச் சிறிய படிகள்.

மாத்திரையை வெட்டும் சின்னக் கருவி மருந்துக் கடைகளில் கிடைக்கும். சில மருந்துகள் திரவமாகவும் வரும், மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் மாத்திரை. கேட்காமல் வெட்டக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டு நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால், ஃப்ளூவாக்ஸெடின் தவிர மற்றவற்றுக்கு வேண்டாம். அளவு ஏறி இறங்கி உடம்பு தினமும் அடி வாங்கும்.

நிறுத்தினா திரும்ப வராம இருக்குமா?

யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2021-ல் பிரிட்டனில் ஒரு பெரிய சோதனை நடந்தது. மனச்சோர்வு மாத்திரையை நீண்ட காலம் சாப்பிட்டு, நன்றாக இருந்து, நிறுத்தத் தயாரானவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு வருடத்தில் நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்குத் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு. மாத்திரை காப்பது உண்மை. மாத்திரை இருந்தும் பலருக்கு வந்ததும், இல்லாமலும் 44 சதவீதம் பேர் தாக்குப்பிடித்ததும் அதே அளவு உண்மை.

தூக்க மாத்திரை மட்டும்தான். அதையாவது விட்டுடலாமா?

விட வேண்டிய முதல் மருந்து அதுதான், ஆனால் மிக நிதானமாக விட வேண்டியதும் அதுதான். ஒவ்வொரு முறையும் அப்போதுள்ள அளவில் 5 முதல் 10 சதவீதம், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை குறைப்பது இன்றைய பரிந்துரை. வருடக்கணக்கில் சாப்பிட்டவருக்கு இது முடிய ஒரு வருடம்கூட ஆகலாம். பரவாயில்லை. சில நேரம் மருத்துவர் மெதுவாக வெளியேறும் டயசெபாமுக்கு மாற்றிவிட்டுக் குறைப்பார். பகல் தூக்கம், மாலை ஆறுக்கு மேல் டீ, படுக்கையில் போன் மூன்றையும் விடாமல் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று. சீட்டு இல்லாமல் "ரெண்டே ரெண்டு கொடுங்க" என்று கேட்டு நாங்கள் மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அல்பிரசோலம், டயசெபாம் போன்றவை 2014 முதல் எச்1 அட்டவணையில் உள்ளவை. யாருக்கு, எந்த மருத்துவர் சீட்டில் கொடுத்தோம் என்று தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

பையனுக்கு மனச்சிதைவு. இப்ப நல்லாத்தானே இருக்கான்? நிறுத்தக் கூடாதா?

நன்றாக இருப்பது மாத்திரையாலா, மாத்திரை இல்லாமலும் இருப்பாரா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. 2012-ல் பல சோதனைகளைத் தொகுத்ததில், ஒரு வருடத்தில் மருந்து சாப்பிட்டவர்களில் 27 சதவீதம் பேருக்கும், நிறுத்தி வெற்று மாத்திரை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. மனச்சோர்வைவிட இங்கே வித்தியாசம் பெரிது. அந்த மாதிரி ஒருமுறை நோய் திரும்பினால் வேலையும் படிப்பும் கல்யாணப் பேச்சும் போய்விடும்.

ஆனால் முழுக்க நிறுத்துவதும், குறைந்த அளவுக்கு இறங்குவதும் வேறு வேறு. 2013-ல் நெதர்லாந்தில் முதல்முறை நோய் வந்தவர்களை 7 வருடம் பின்தொடர்ந்ததில், ஆரம்பத்தில் குறைக்க முயன்ற பிரிவில் 40 சதவீதம் பேர் முழுமையாகத் தேறியிருந்தார்கள். அதே அளவில் தொடர்ந்த பிரிவில் 18 சதவீதம்தான். சின்ன ஆய்வு என்றாலும் பலரையும் யோசிக்க வைத்தது. 2023-ல் பிரிட்டனில் வெளிவந்த இன்னொரு சோதனை நீண்ட காலம் நோயோடு இருந்தவர்களிடம் நடந்தது. அதில் இரண்டு வருடத்தில் குறைத்தவர்களில் 25 சதவீதம் பேர் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு மோசமானார்கள், தொடர்ந்தவர்களில் 13 சதவீதம். அன்றாட வாழ்க்கையும் குறைத்ததால் மேம்படவில்லை. என் கருத்து கேட்டால்: நிறுத்துவதை விட்டுவிட்டு, "நோய் திரும்பாமல் காக்கும் மிகக் குறைந்த அளவு எது?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று மருந்து இருந்தால் எதைக் கழிக்கலாம் என்று கேளுங்கள்.

வீட்டுக்காரர் விசைப்படகில் போறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருக்கும்போது குறைச்சுடலாமா?

காசிமேட்டிலிருந்து இதைக் கேட்பார்கள், நல்ல கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அவர் கண் முன்னால் இருப்பார். கடல் நடுவில் பதற்றமும் தலைசுற்றலும் வருவதைவிட அது பாதுகாப்பு. ஆனால் அந்த 61 நாளில்தான் அக்னி வெயில், கையில் காசு இல்லை, கடன்காரர் வாசலில் நிற்பார், பகலில் தூங்கி ராத்திரி விழித்திருப்பார். மனம் ஏற்கெனவே தள்ளாடும் நேரம். எனவே முதல் ஒரு படியைத் தடைக்காலத்தில் இறக்கிப் பார்ப்பது வரை மருத்துவர் சம்மதிக்கலாம். 61 நாளுக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். படகில் போகும்போது எத்தனை நாளோ அதற்கும் மேல் நான்கு நாளைக்கான மாத்திரை தண்ணீர் புகாத கவரில் இருக்கட்டும், கூட வரும் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.

கர்ப்பம் ஆயிட்டேன். எல்லாத்தையும் விட்டுட்டேன். சரியா?

வேண்டாம், இன்றே மருத்துவரைப் பாருங்கள். எல்லா மருந்தும் ஒன்றல்ல. சோடியம் வால்ப்ரோயேட்தான் இவற்றில் மிக அபாயம்: பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை, பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சி, கற்றல் தடைகள். கர்ப்பம் தரிக்கும் வயதில் உள்ள பெண்ணுக்கு அதை எழுதினால் "வேறு இல்லையா?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதையும்கூடத் தானாக நிறுத்தாமல், உடனடியாக மாற்றச் சொல்லுங்கள். மற்ற பல மருந்துகளைத் தொடர்வதைவிட, தாய்க்கு நோய் முற்றுவது குழந்தைக்கு அதிகக் கேடாகலாம்.

பீடி, குடி?

புகை ஒலான்சபினையும் குளோசபினையும் ரத்தத்தில் குறைத்துவிடும். ஆகவே பீடியைத் திடீரென்று விட்டால் அதே மாத்திரை அதிக அளவாக மாறி மயக்கம் தரும். விடுங்கள், ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு விடுங்கள். தூக்க மாத்திரையோடு குடித்தால் தூக்கத்திலேயே மூச்சு நிற்கலாம்.

நாட்டு மருந்துக்கு மாறலாமா? கோயில், தர்காவில் வேண்டிக்கிட்டா?

வேண்டுதலையும் மாத்திரையையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா அருகே ஒரு காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்ததை மறக்க வேண்டாம். சர்ப்பகந்தா மூலிகையை மனநோய்க்குத் தரலாம் என்று 1931-லேயே கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற வங்காள மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மூலிகைக்கும் வலு உண்டு. அதனால்தான் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு சொல்லாமல் சேர்ப்பது ஆபத்து. நோன்பு இருக்கும் லித்தியம் நோயாளிகள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

மழையில் மாத்திரை தீர்ந்துட்டா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வட சென்னையில் பல தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. யாரும் விரும்பாமலே மருந்து நின்றுபோனது. ஐப்பசி பிறந்ததும் இரண்டு வாரத்துக்கான மாத்திரையும் சீட்டின் நகலும் ஜிப் கவரில் போட்டு உயரத்தில் வையுங்கள்.

டாக்டர் ரெண்டு நிமிஷம்தான் பார்க்கறார். எப்படிக் கேட்கறது?

கூட்டத்தைப் பார்த்தால் அவரையும் குறை சொல்ல முடியாது. அதனால் எழுதிக்கொண்டு போங்கள். மூன்றே கேள்வி: இது எதற்கு? எவ்வளவு நாள்? குறைப்பது பற்றி எப்போது பேசலாம்? அதற்கு மேல் அந்த நோட்டைக் காட்டுங்கள். "நிறுத்தணும்" என்று ஆரம்பித்தால் பல மருத்துவர்கள் மறுப்பார்கள். "குறைக்க முடியுமா, உங்கள் கண்காணிப்பில்" என்றால் கேட்பார்கள். 2018 மே முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் தெரிந்துகொள்ளவும், தன் மருத்துவப் பதிவுகளைப் பெறவும் நோயாளிக்கு உரிமை தருகிறது. சண்டை போடச் சொல்லவில்லை. கேட்கக் கூச்சப்படத் தேவையில்லை என்கிறேன்.

உடனே ஓட வேண்டிய நேரம் எது?

வலிப்பு, தற்கொலைப் பேச்சு, காதில் குரல் கேட்பது, மூன்று நாளாகச் சுத்தமாகத் தூக்கமின்மை, கடும் காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல் இறுகுவது, லித்தியம் சாப்பிடுபவரின் தள்ளாட்டம், குளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் அல்லது பல நாள் மலச்சிக்கல். மறுநாள் வரை காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

எங்கே போறது?

ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்தவர்களுக்குக் கிட்டத்தில்தான். "கீழ்ப்பாக்கம்" என்று கேலி பேசுபவர்கள் பேசட்டும், அங்கே வெளிநோயாளியாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருபவர்கள்தான் அதிகம். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் அண்ணா நகரில் மனச்சிதைவு நோயாளிகளோடு குடும்பத்துக்கும் வழிகாட்டுகிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பேச ஆள் வேண்டுமென்றால் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. எங்கே போனாலும் பழைய சீட்டுகளோடு இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், சர்க்கரை, அழுத்த மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அட்டையை வெட்டும்போது பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கடைசி மாத்திரை வரை விட்டுவையுங்கள்.